தீர்த்தம் குடித்த மெஷின்

குழாயில் தண்ணீர் வந்தால் அதைக் கல்யாணச் செய்தி மாதிரி வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு ஓடுகிற ஊர் திண்டுக்கல். அந்த ஊரில், அதுவும் கோடையில், ஓர் இரும்பு மெஷினுக்குள் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அதைக் கெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாதாரணத் தண்ணீர்கூட இல்லை, கோயிலில் மந்திரித்த தீர்த்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதே சிரித்து முடித்துவிட்டால் மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. திருப்பூரில் ஒரு கம்பெனி கழித்துப்போட்ட எம்ப்ராய்டரி மெஷினை வாங்கிவந்து வீட்டின் முன்னறையில் இறக்கினேன். காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்பின் வாசனை அடிக்கும் தெரு. முன்னறை மெஷினுக்கு, பின்னறையும் அடுப்படியும் எங்களுக்கு. ஒரே தலை, பன்னிரண்டு ஊசி. பிளாப்பியில் டிசைனைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் தானே தைக்கும். நூல் அறுந்தால் நின்றுவிடும். சிவப்பு விளக்கு எரியும். கீ, கீ, கீ என்று மூன்று தடவை கூவும். நான் எழுந்துபோய் ஊசியில் நூலைக் கோத்துவிட வேண்டும். என் வேலை மொத்தமும் அவ்வளவுதான். ஆனால் தெருவில் யாராவது கேட்டால் 'கம்ப்யூட்டர் லைன்ல இருக்கேன்' என்பேன்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எட்டு வருடம் வேலை பார்த்தவள். நூற்கிற மெஷின் ஓரமாக நடந்துகொண்டே இருந்து, அறுகிற இழையை எல்லாம் சேர்த்துவிட வேண்டும். மில்லில் அதற்கு 'சைடு பார்க்கிறது' என்று பேர். ஒரு ஷிப்டுக்கு எத்தனை இழை சேர்ப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அப்படிப்பட்டவளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அறுகிற நூலோடு நான் மல்லுக்கட்டினேன்.

ஒருநாள் பள்ளிக்கூடத்து சார் ஒருவர் சட்டைப் பையில் தைக்கும் பேட்ஜுக்காக வந்திருந்தார். மெஷின் கூவியது. கொக்கி ஒன்றிலிருந்து நூல் நழுவியிருந்ததை அவள் கதவோரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். இரண்டு எட்டு வைத்துக் கையை நீட்டினாள். எனக்கு ஆள் கிடைத்தால் போதும், வாய் சும்மா இருக்காது.

"ஏ புள்ள, கைய எடு. மில்லுல பஞ்சு பொறுக்குன கை பட்டா கம்ப்யூட்டருக்குக் காச்சல் வந்துரும்" என்றேன்.

சார் சிரித்தார். அவரைவிட நான் அதிகமாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நீட்டிய கையை மடக்கிச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை. அந்தத் துடைப்பு எனக்கு அன்றைக்குக் கண்ணில் பட்டது, மூளைக்குப் போய்ச் சேரப் பல மாதம் ஆனது.

அடுத்த வாரம் அவள் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. பத்து நாள் இருந்து பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். பத்து நாள் ஒரு மாதமாகி, பின்பு நாலு மாதமானது. மாமியார் எழுந்து நடக்கிறார், கோழி விரட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். இவள் பழைய மில்லிலேயே திரும்பச் சேர்ந்துவிட்டாள் என்றும் கேள்விப்பட்டேன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசலாம். எந்தத் தகராறும் இல்லாமல் வராமல் இருக்கிறவளிடம் எதைப் பேசுவது?

நானும் மெஷினுமாக இருந்தோம். காலையில் சோறு வடித்துவிடுவேன். வெஞ்சனத்துக்குத் தெருமுனைக் கடையில் வடை. நாள் முழுக்க வாய் திறக்க வேண்டிய அவசியமே வராது. பத்துப் பேர் நடுவில் நின்றால்தான் என் வாய் ஓடும். தனியாக விட்டால் என்னிடம் எனக்கே சொல்ல ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மெஷின் கூவினால் மட்டும் "வாரேன், வாரேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவேன். என்னைக் கூப்பிட அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான், பங்குச் சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் எங்கள் கோயில் உபதேசியார் திருவிழாக் கொடி தைக்கச் சொல்லி வந்தார். வெள்ளை சாட்டின் துணி, நடுவில் புனிதரின் உருவம், சுற்றிலும் லீலிப் பூ. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் பேர்போன புனிதர். கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

வேலையைத் தொடங்கியதிலிருந்து நூல் அறுந்தது. முன்னாலும் அறும், ஆனால் அது மனுஷனுக்குத் தும்மல் வருகிற மாதிரி எப்போதாவது. இப்போது காசநோய்க்காரன் இருமுகிற மாதிரி விடாமல் வந்தது. ஊசியை மாற்றினேன். நூல்கண்டை மாற்றினேன். நூலை இறுக்கிப் பிடிக்கும் திருகைத் தளர்த்தினேன், இறுக்கினேன், எங்கே இருந்தது என்று மறந்துவிட்டு மறுபடி தளர்த்தினேன். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் திருப்பூர் மெக்கானிக்கைப் பிடித்தேன்.

"ஏனுங்க, டென்ஷனக் குறைச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

மெஷினுக்குக் குறைத்தாயிற்று, எனக்குத்தான் ஏறிவிட்டது என்றேன். அவர் சிரிக்கவில்லை. தட்டுக்குக் கீழே சுற்றுகிற ஹூக்குக்கு எண்ணெய் விட்டீர்களா என்று கேட்டார். ஊசி கொண்டுபோகும் மேல்நூலைப் பிடித்து அடிநூலோடு பின்னிவிடுகிற, மூக்கு வளைந்த சக்கரம் அது. விட்டேன் என்றேன். எண்ணெயோடு வேறொன்றையும் விட்டுக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை.

மெஷின் வந்த அன்று பங்குச் சாமியார் வந்து மந்திரித்து நாலு துளி தீர்த்தம் தெளித்திருந்தார். நாலு துளியால் கெடுதல் ஒன்றும் வரவில்லை. என் புத்திதான் அதோடு நிற்கவில்லை. உபதேசியாரிடம் கேட்டு ஒரு பாட்டில் நிறைய தீர்த்தம் வாங்கிவந்து அலமாரியில் வைத்திருந்தேன். நூல் அறுந்தால் சிலுவை போட்டுக்கொண்டு கொஞ்சம் தெளிப்பேன். மேலே தெளித்தால் மேலேயே நின்றுவிடுகிறதே, கோளாறு கீழே அல்லவா இருக்கிறது என்று, ஊசி இறங்கும் ஓட்டை வழியாக உள்ளங்கையால் வார்க்கத் தொடங்கினேன். துடைப்பது கிடையாது. மந்திரித்த தண்ணீரை அழுக்குத் துணியால் துடைப்பது பாவம் என்று வளர்த்திருந்தார்கள். தெளிக்கத் தெளிக்க அதிகமாக அறுந்தது. என் விசுவாசம் போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டினேன்.

புனிதருக்கு முகம் பாதி வந்தது. வலது கண் முடிந்து இடது கண்ணில் சிக்கிக்கொண்டது. நாலு நாள் அவர் ஒற்றைக் கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வேடசந்தூர் பஸ் ஏறினேன்.

ஷிப்டு விடுகிற நேரம். மில் பஸ் வந்து நிற்கும் இடத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றேன். வழி முழுக்க ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன்: 'தப்பு என் பேர்லதான், வீட்டுக்கு வா.' இதில் சிரிப்புக்கு இடமே இல்லாததால் எனக்கு வாயில் நிற்கவில்லை. தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு அவள் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் வாயைத் திறந்தேன்.

"நூல் ரொம்ப அறுகுது" என்றேன்.

கூட வந்த பெண்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டர் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எந்த ஊசில அறுகுது?"

"எல்லாத்துலயும்தான்."

"எல்லா ஊசிலயும்னா கோளாறு ஊசில இல்ல. எல்லா நூலும் வந்து போற எடம் எதுவோ அங்க இருக்கு." விரல் விட்டுக் கிழமையை எண்ணினாள். "செவ்வாக்கெழம எனக்கு லீவு. வாரேன்."

பன்னிரண்டு ஊசியையும் பன்னிரண்டு நாளாக மாற்றிக்கொண்டிருந்தவன் நான். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. திங்கட்கிழமை முழுக்க வீட்டைக் கூட்டினேன். அடுப்படியில் அவள் வைத்த இடத்தில் இல்லாத பாத்திரங்களை எல்லாம் அவள் வைத்த இடத்துக்குக் கொண்டுபோனேன். எது எந்த இடம் என்று பாதிக்கு மேல் நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தாள். கையில் சின்னப் பை ஒன்று. துணிமணி கொள்கிற பை இல்லை என்பதை நான் முதலில் பார்த்தேன். அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஊசித்தட்டைக் கழற்றச் சொன்னாள். கழற்றிக் கொடுத்தேன். சுண்டுவிரல் நகத்தால் ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். ஓரிடத்தில் நகம் நின்றது. பையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்து அந்த ஹூக்கின் மேல் மெதுவாக இழுத்தாள். மூக்கு ஓரத்தில் பஞ்சு சிக்கி இழைஇழையாகப் பிரிந்தது.

"பஞ்சு சிக்குற எடத்துல நூலும் சிக்கும்" என்றவள், விரலை மோந்து பார்த்தாள். விரல் நுனியில் செங்கல் நிறம். "துரு புடிச்சிருக்கு. இதுல தண்ணி எப்பிடி வந்துச்சு?"

அலமாரியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளங்கையால் வார்த்தது, துடைக்காமல் விட்டது, விசுவாசத்தைக் கூட்டியது எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேடிக்கையாகவே சொன்னேன். முன்பெல்லாம் இதில் பாதிக்கே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிடுவாள். அன்றைக்கு அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"உப்புத்தாள் இருக்கா? இருக்கிறதுலயே பொடிசா வேணும்."

கடைக்கு ஓடி வாங்கிவந்தேன். ஒரு துண்டு கிழித்து, துரு பிடித்த ஓரத்தை மட்டும் பொறுமையாகத் தேய்த்தாள். நடுநடுவே பஞ்சை இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை பஞ்சு சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. தட்டையும் அதே மாதிரி தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, என்னிடம் நீட்டினாள். மாட்டினேன். நூல் கோத்தேன். பச்சைப் பொத்தான் பக்கம் போன என் கையை இழுத்துக்கொண்டேன்.

"நீ அமுக்கு" என்றேன்.

தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புனிதரின் ஒற்றைக் கண்ணைப் பார்த்தேன். அவள் சேலையில் கையைத் துடைக்காமல் பொத்தானை அமுக்கினாள்.

மெஷின் ஓடியது. இடது கண்ணின் இமை வந்தது, கருவிழி வந்தது. மூக்கு, தாடை, தோளில் மடிப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. இத்தனை வாரம் அறாதே அறாதே என்று வேண்டியவன், அன்றைக்கு ஒரு தடவையாவது அறு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அறுந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்துக்கொண்டு, அறுக்காமலே முழுசாக வந்து முடிந்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். வேடசந்தூர் பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவளிடம் கீழே நின்றபடி, அன்றைக்கு அந்த சார் முன்னால் சொன்னது தப்பு என்றேன். வாழ்க்கையில் வேடிக்கை கலக்காமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அது. பழக்கமில்லாததால் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். கேட்டுக்கொண்டேன் என்கிற மாதிரிதான் இருந்தது, சரி என்கிற மாதிரி இல்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

"அப்ப எப்ப வார?" என்றேன்.

"நூல் அறுந்தா சொல்லி விடுங்க."