காசு போடாத சீட்டுக்கட்டு

மகள் தனக்குப் பிடித்த ஒரு பையனைப் பற்றி வீட்டில் சொன்னதும், என் மனைவி அந்தக் குடும்பத்தைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தாள். ஈஜிபுராவில் வாடகை வீடு. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, கலகலப்பானவர். அப்பா ஜெனரேட்டர் மெக்கானிக். பையனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. எல்லாம் நல்லபடியாகத்தான் வந்துகொண்டிருந்தது. கடைசியாக ஒரு செய்தி வந்தது: பையனின் அப்பா எந்நேரமும் சீட்டாடுகிறாராம்.

"சீட்டாடுற வீட்லயா பொண்ணக் குடுக்கறது?" என்று மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மகள் சிரித்தாள். "அது போன்ல ஆடறதும்மா. பணம் வெச்சு ஆடற சீட்டு இல்ல. ராஜா, ராணி எல்லாம் கெடையாது. டிராகன், எலி, மந்திரவாதி, அந்த மாதிரி."

"டிராகனா?" என்றாள் மனைவி, ராணியே தேவலை என்பதுபோல.

சீட்டு அப்போதைக்கு அடங்கிவிட்டது. உண்மையான சங்கடம் வேறு. அந்த மனிதர் பேசமாட்டார். பையனின் அம்மாவுக்குப் பூரண சம்மதம். ஆனால் வீட்டுக்காரர் தன் வாயால் சரி என்று சொல்லாமல் எதுவும் நடக்காது என்று அவர் சொல்லிவிட்டார். பையனும் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டான். அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "பாக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் அந்தப் பேசாத ஜாதிதான். பீன்யாவில் பவுடர் கோட்டிங் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பெயின்ட் பவுடர் அடிக்க வேண்டிய இரும்புச் சாமான்களை வரிசையாகக் கொக்கியில் மாட்டுவது என் வேலை. அந்தப் பவுடரைச் சுட்டுப் பிடிக்கவைக்கும் பெரிய அடுப்பின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. அதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடிக்கும். கல்யாண வீடுகளில் வண்டி நிறுத்தும் இடத்தில் போய் நின்றுகொள்வேன். இரண்டு பேருக்கும் சேர்த்து என் மனைவி பேசிவிடுவாள்.

மகள்தான் யோசனை சொன்னாள்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் எதிரெதிர்ல உக்காந்தா என்னாகும்? ஃபேனப் பாத்துட்டு இருப்பீங்க. வீட்டுக்குப் போனதும் பொண்ணு வீடு எப்படின்னு கேட்டா, ஃபேன் நல்லா சுத்துச்சுன்னு சொல்வாரு. அதனால நீங்க அந்த கேம் கத்துக்கோங்க."

என் கையிலிருந்து போனை வாங்கி அதை ஏற்றியும் கொடுத்துவிட்டாள். பெண் பார்க்க அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஒரு சீட்டுக்கட்டு, நாமே சேர்த்துக் கட்டியது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு உருவம் இருக்கும். அதை இறக்க எவ்வளவு சக்தி வேண்டும், எவ்வளவு பலமாக அடிக்கும், எத்தனை அடி தாங்கும் என்று மூன்று எண்கள் இருக்கும். முதல் முறை ஒரு சக்தி, அடுத்த முறை இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். எதிராளியின் உயிரை முதலில் தீர்ப்பவர் ஜெயித்தவர். ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் எதிரில் இருப்பார். அவருடன் பேச வேண்டியதில்லை. இப்படி ஒரு விளையாட்டு இருப்பதை யாரும் எனக்கு இதுவரை சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

கஷ்டம், சீட்டில் இருந்த இங்கிலீஷ். ஐந்தாவதோடு என் படிப்பு முடிந்துவிட்டது, அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடம். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு சீட்டைப் படித்து முடிப்பதற்குள் என் முறைக்கான நேரம் முக்கால்வாசி ஓடிவிடும். எதிரில் இருப்பவர் நான் ஏதோ பெரிய திட்டம் போடுகிறேன் என்று பயந்து, சில சமயம் ஆட்டத்தை விட்டே போய்விடுவார். அப்படித்தான் என் முதல் வெற்றி வந்தது. பிறகு படங்களுக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். எலிக்கூட்டம், குடைக்காரி, கொம்பன், லாந்தர்காரன். எண்களைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய சீட்டுகளைக் காசு கொடுத்து வாங்கலாம். பொன் நிறத்தில் மின்னும் டிராகன் ஒன்று இருந்தது. அதை இறக்கினால் போனே அதிரும். பையனின் அப்பாவிடம் அது இருக்கிறது என்று மகள் சொன்னாள். கல்யாணச் செலவு தலைக்கு மேல் நிற்கும்போது டிராகனுக்கு நான் எங்கே போவது? தினமும் ஆடினால் சும்மா கொஞ்சம் சீட்டு தருவார்கள். ஒரே சீட்டு திரும்பத் திரும்ப வந்தால் அதை உடைத்துத் தூளாக்கி, அந்தத் தூளில் வேறு சீட்டு செய்துகொள்ளலாம். அதை வைத்தே ஒரு கட்டு சேர்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் கட்டு மோசமாகத் தோற்றது. படம் நன்றாக இருந்த சீட்டை எல்லாம் அதில் போட்டிருந்தேன். சேற்றில் படுத்துக் கிடக்கும் எருமை ஒன்று. எதையும் செய்யாது, சும்மா கிடக்கும். அதன் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"இது எதுக்குப்பா?" என்றாள் மகள்.

"இருக்கட்டுமே. யாரையும் தொந்தரவு பண்ணாது."

"ஜெயிக்கவும் விடாது. எடுங்க. ஒரே தடவைல எல்லாத்தையும் மாத்தக் கூடாது. ஒண்ண மாத்துங்க, கொஞ்சம் ஆடிப் பாருங்க. ஏன் ஜெயிச்சோம், ஏன் தோத்தோம்னு யோசிங்க. அப்புறம் அடுத்தது."

அதன்பிறகு காலையும் மாலையும் கம்பெனி பஸ் எனக்குச் சோதனைக்கூடம் ஆகிவிட்டது. போக்குவரத்து நெரிசல்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. யஷ்வந்த்பூர் பக்கம் பஸ் நின்றால் இன்னொரு ஆட்டம். எருமையை எடுத்துவிட்டு எலிக்கூட்டத்தைப் போட்டேன். எலி ஒரே சக்தியில் இறங்கிவிடும், ஒரே அடியில் செத்தும் போகும். ஆனால் லாந்தர்காரன் வந்தால் களத்தில் இருக்கும் எலி போன்ற குட்டிகளுக்கெல்லாம் பலம் கூடும். லாந்தர்காரனும் சும்மா வந்த சீட்டுதான். டிராகன் இறங்க நிறையச் சக்தி வேண்டும், அதற்கு நேரம் ஆகும். அது வருவதற்குள் எதிராளியை எலிகளை விட்டே தீர்த்துவிட வேண்டும். கட்டின் சூத்திரம் இவ்வளவுதான்.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஆர்வத்தில் கையில் இருக்கும் எலியையெல்லாம் இறக்கிவிடுவேன். எதிராளி ஒரு தீமழைச் சீட்டைப் போடுவார், களம் சுத்தமாகிவிடும். கையில் ஒன்றும் இருக்காது. பல நாள் தோற்ற பிறகுதான் புத்தி வந்தது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் இரண்டு எலியைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அன்று மாலை தொடர்ந்து ஜெயித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "ஏன் சிரிக்கறீங்க, வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் மர்பி டவுன் வீட்டில் முன்னறை ஒன்று, அதில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலி. பையனின் அம்மா உள்ளே வரும்போதே, "காபி மட்டும் போதும், வேற எதுவும் வேணாம்" என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்மதம் சொல்லாமல் பெண் வீட்டில் சோறு சாப்பிட்டுக் கை நனைக்கமாட்டார்கள். அதனால் மனைவி காபியும் உளுந்து வடையும் மட்டும் செய்து வைத்திருந்தாள்.

பெண்கள் இருவரும் ஐந்து நிமிடத்தில் கூடப் பிறந்தவர்கள்போல ஆகிவிட்டார்கள். நானும் அவரும் கட்டிலின் இரண்டு முனையில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்தோம். நல்ல உயரம், நரைத்த மீசை, விரல் நகங்களில் கிரீஸ் கறை. பையன் ஆரம்பித்தான்.

"அப்பா, அங்கிளும் அந்த கேம் ஆடறாரு."

முதல் தடவையாக அவர் என் பக்கம் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நானும் எடுத்தேன். அதற்குள் மனைவி சமையலறையிலிருந்து கண்ணைக் காட்டினாள். போனேன்.

"என்னங்க, தோத்துடுங்க. பொண்ணக் குடுக்கறவங்க நாம."

"வேணும்னு தோக்காதீங்கப்பா," என்றாள் மகள். "ஒருநாள் இவன் விட்டுக் குடுத்தான்னு அவர் ஒரு வாரம் இவன்கூடப் பேசலையாம்."

"அவர் பேசலைன்னு எப்படிடி கண்டுபுடிச்சாங்க?" என்றாள் மனைவி.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஜெயிப்பதா தோற்பதா என்று முடிவு செய்யவில்லை. முதல் எலியை இறக்கினேன். அவர் காத்திருந்தார். நான் மூன்று எலி இறக்கினேன், இரண்டைக் கையில் வைத்துக்கொண்டேன். எதிர்பார்த்தபடியே தீமழை போட்டார். களம் காலியானது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், முடிந்தது என்பதுபோல. அடுத்த முறையே மீதி இரண்டையும் இறக்கி, அதற்கடுத்து லாந்தர்காரனையும் இறக்கினேன். அவர் நாற்காலிக்கு மாறி முன்னால் குனிந்துகொண்டார். டிராகன் வந்தது. பொன்னாக மின்னியது, என் போன் அதிர்ந்தது, எலி ஒன்றைச் சுட்டெரித்தது. ஆனால் மிச்சம் இருந்த ஒற்றை எலியும் லாந்தர்காரனும் சேர்ந்து அடித்த அடியில் அவர் உயிர் சரியாகத் தீர்ந்தது.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "என்ன கட்டுங்க இது?"

இரண்டு மாதமாக இதைச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. சந்தோஷத்தில் வாய் திறந்துகொண்டது. "எல்லாம் சும்மா வந்த சீட்டுங்க. எலிக எல்லாம் தினமும் ஆடினா கெடைக்கறது. லாந்தர்காரனும் அப்படித்தான். ஒரு பைசா போடல."

"போடலன்னா?" என்று சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது. பையனின் அம்மா, கையில் காபி டம்ளரோடு அங்கே நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குக் காசு வேற போடணுமா?"

பையன் தரையைப் பார்த்தான். அவர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பளபளன்னு பறந்துச்சே, அதுவும் சும்மா வந்ததா?"

என் வாழ்நாளில் ஒரு அந்நியரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். அதிலேயே மகள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். "அது டிராகன்," என்றார். சற்றுப் பொறுத்து, "தீபாவளி போனஸ்ல வாங்கினது" என்றும் சொன்னார்.

"போனஸே இந்த வருஷம் குடுக்கலன்னு சொன்னீங்களே."

"குடுத்தாங்க."

முதலில் சிரித்தது என் மனைவிதான். அடக்க முயன்று முடியாமல் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பையனின் அம்மா அவளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், முறைப்பை விடாமல் என்னிடம் வந்தார்.

"அண்ணா, நீங்க சொல்லுங்க. காசு போடாமலே ஜெயிக்கலாமா, முடியாதா?"

முடியாது என்று சொன்னால் பொய். முடியும் என்று மட்டும் சொன்னால் அந்த மனிதரின் தலை இன்னும் குனிந்துவிடும். நடந்ததையே சொன்னேன். "ஜெயிக்கலாம்மா. ஆனா பாதி ஆட்டம் தோக்கணும். இன்னிக்கும் அந்த டிராகன் ஒரு முறை முன்னாடி வந்திருந்தா நான் தொலைஞ்சேன். அவர் நல்லாத்தான் ஆடினாரு."

"அப்ப காசு போடாம ஆடறது எப்படின்னு இவருக்கு நீங்கதான் காட்டிக் குடுக்கணும். இனிமே டிராகன், யானைன்னு ஏதாவது வாங்கினா நான் ஈஜிபுராவுலேர்ந்து உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்."

நான் தலையாட்டினேன். பையனின் அப்பா மடியிலிருந்த போனைத் திருப்பினார்.

"இன்னொரு ஆட்டம்," என்றார் என்னைப் பார்த்து. "சாப்ட்டுட்டு ஆடலாம்."

அவர் மனைவி டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீங்க?"

"பசிக்குது. சாப்ட்டுட்டு ஆடலாம்னேன்."

"இங்கயா?"

"பின்ன? பொண்ணு வீடுதானே இது."

பையன் மகளைப் பார்த்தான். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் சாப்பாடே இல்லை. எங்களுக்கென்று காலையில் வடித்த சோறு ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் இருந்தது. அவள் என் காதருகே வந்து, "அரிசி களையறேன், நீங்க போய் பக்கத்து வீட்ல குழம்பு கேளுங்க" என்றாள்.

எதையும் யாரிடமும் போய்க் கேட்டுப் பழக்கமில்லாத நான், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். சர்ச்சிலிருந்து வந்து கோழிக் குழம்பு வைத்திருந்த அக்கா என்னையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குழம்பு வேணும்க்கா," என்றேன். "சம்பந்தி சாப்பிட உக்காந்துட்டாரு."

பாத்திரம் நிறைய ஊற்றிக் கொடுத்தார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சம்பந்தி கை கழுவி வந்து, வாழை இலை இல்லாததால் எவர்சில்வர் தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தனக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு தட்டு வைத்திருந்தார்.