மச்சானுக்கு நான் கொடுத்த வியாதிகள்

போன வருடம் பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம். விழுப்புரத்தில் ஒரு ஆபீசின் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகெல்லாம் வேர்த்து, சட்டை நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. அதுவரை என்னை நான் ஒரு பெரிய ஜோக்கர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜோக் என்ற பெயரில் ஒரு மனிதனின் சோற்றில் கை வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் திண்டிவனத்தில் ஒரு மெடிக்கலில் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தவன். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கம்பெனி. எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலைகள் இரண்டு. டாக்டர்களின் கையெழுத்தைப் படிப்பேன். வருகிறவர்களைச் சிரிக்க வைப்பேன். முதல் வேலைக்குச் சம்பளம் கிடைக்கும். இரண்டாவதற்கு மேனேஜரிடம் திட்டு கிடைக்கும்.

எங்கள் கடை கம்ப்யூட்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வாங்குகிறவரின் மொபைல் நம்பரைத் தட்டினால்தான் பில் வரும். தலைவலி மாத்திரை ஒன்றே ஒன்று வாங்கினாலும் நம்பர் வேண்டும். பலர் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். சொல்லாதவர்களும் நிறைய. வீட்டுக்கே ஒரு போன்தான் இருக்கும், அது கணவர் சட்டைப் பையில் இருக்கும். இங்கே மருந்து வாங்கினால் அங்கே மெசேஜ் போய் நிற்கும். கர்ப்பம் பார்க்கும் அட்டை வாங்க வந்த பெண், நம்பர் கேட்டதுமே அட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்ப்பார். கிராமத்துப் பெரியவர்கள் வேறு மாதிரி. "நம்பர் எதுக்குபா, மாத்திரையா போன் பண்ணி பேசப் போவுது?" என்று ஒருவர் கேட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். கடை ஊழியர்களின் நம்பரைத் தட்டினால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது.

அப்போதுதான் எனக்கு மச்சான் ஞாபகம் வந்தது. என் மனைவியின் தம்பி. அவனுக்கும் எனக்கும் நெடுநாள் பகை உண்டு, விளையாட்டுப் பகை. ஒரு முறை அவன் என் நம்பரை ஒரு திருமணத் தகவல் நிலையத்தில் "பெண் தேடும் மணமகன்" என்று பதிந்துவிட்டான். ஒரு மாதம் தரகர்கள் என்னை விடவில்லை. அதில் ஒரு போனை எடுத்தது என் மனைவி. அன்றைக்கு எனக்குக் கேப்பைக் களி மட்டும்தான் கிடைத்தது, குழம்பு கிடைக்கவில்லை. அந்தப் பழி பாக்கியிருந்தது. நம்பர் சொல்ல மறுத்த அடுத்த ஆளுக்கு என் விரல்கள் தாமாகவே மச்சானின் நம்பரைத் தட்டின.

அன்று சாயங்காலமே போன் வந்தது. முட்டிவலித் தைலம் வாங்கியதற்கு யாரோ தனக்கு நன்றி சொல்கிறார்கள், யார் மாமா அது என்று கேட்டான். வயதாகிறது இல்லையா மச்சான், இனிமேல் அப்படித்தான் வரும் என்றேன். ஓட்டிக்கொண்டிருந்த லோடு வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தான். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பழக்கமாகிவிட்டது. யார் நம்பர் சொல்லவில்லை என்றாலும் மச்சான்தான். சர்க்கரை மாத்திரை, பெரியவர்களுக்கான டயப்பர், மூலத்துக்கு மருந்து எல்லாம் அவன் கணக்கில் போயின. குடும்ப விசேஷங்களில் அவனை எல்லோர் முன்பும் நிற்க வைத்து உடல்நலம் விசாரிப்பேன். அவனும் சலிக்காமல் இருமிக் காட்டுவான். பிறகு அந்த மெசேஜ்கள் வராதபடி போனில் பிளாக் செய்துவிட்டான். நானும் மறந்துவிட்டேன். விரல் மட்டும் மறக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

மச்சான் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, கல்யாணத்துக்குப் பந்தல் சாமான், எது கிடைத்தாலும் ஏற்றுவான். விழுப்புரத்தில் ஒரு நிறுவனம், தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பேருந்துகளுக்கு டிரைவர் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனான். மாதச் சம்பளம், பி.எஃப்., ஞாயிற்றுக்கிழமை லீவு. வரிசையாக வைத்த டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்களாம். ஒன்றைக்கூடத் தொடாமல் எடுத்திருக்கிறான். பரிசோதித்தவர் முதுகில் தட்டியிருக்கிறார். பிறகு போனில் ஒரு ஆப் இறக்கச் சொல்லி, லைசென்ஸ், நம்பர் எல்லாம் ஏற்றச் சொல்லி, நீளமான இங்கிலீஷ் எழுத்துக்கு அடியில் "சம்மதம்" என்பதை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினான். வேலை கிடைத்தது போலத்தான் என்று நினைத்து லோடு வண்டி ஓனரிடம் நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டான். அவர் மறுநாளே வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து அந்த ஆப்பில் சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை வந்தது. "பொருத்தமில்லை." ஏன், எதற்கு என்று எதுவும் இல்லை. போன் போட்டால் பதிவு செய்த குரல் ஒன்று நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டது. இருந்த வேலையும் இல்லை, வரவேண்டிய வேலையும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவன் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் வாய் ஜாஸ்தியாச்சே. கூடப் போய் என்னான்னு கேட்டுக்கினு வாங்க. ஒரு நாளாவது அந்த வாய் உருப்படியா எதுக்காவது ஆவட்டும்."

லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். விழுப்புரம் பஸ்ஸில் அவனைச் சிரிக்க வைக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். விக்கிரவாண்டி தாண்டியும் அவன் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

அந்த ஆபீசில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவர் என் வயதுள்ள ஒரு பெண். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். முடிவு எடுப்பது நாங்கள் இல்லை என்றார். வெளியூரில் ஒரு சரிபார்ப்புக் கம்பெனி இருக்கிறதாம். விண்ணப்பித்தவரின் நம்பரைக் கொடுத்தால், அந்த நம்பரைச் சுற்றி எங்கெங்கோ கிடக்கும் தகவல்களை எல்லாம் அதன் கம்ப்யூட்டர் திரட்டி, ஆளுக்கு ஒரு நிறம் போட்டு அனுப்பிவிடுமாம். பச்சை வந்தால் வேலை. சிவப்பு வந்தால் இல்லை. காரணத்தை இவர்கள் திறந்தே பார்ப்பதில்லை. மச்சான் அழுத்திய "சம்மதம்" இதற்குத்தான்.

நான் விடவில்லை. கெஞ்சினேன், நடுவில் ஒரு ஜோக்கும் அடித்தேன். அவர் கதவை ஒரு முறை பார்த்தார். பிறகு எதையோ திறந்து படித்தார். முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஃபிட்ஸ் மாத்திரை மாசம் தவறாம வாங்குறீங்களே தம்பி. நாப்பது பேர் உக்காந்திருக்கிற பஸ்ஸ உங்க கையில எப்பிடி குடுக்க முடியும்?"

மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. தனக்கு வலிப்பெல்லாம் கிடையாது, காய்ச்சல் வந்துகூட வருடமாகிறது என்றான். அவர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். நான் குனிந்து பார்த்தேன்.

முட்டிவலித் தைலம். சர்க்கரை மாத்திரை. டயப்பர். மூலம். வலிப்பு மாத்திரை, வலிப்பு மாத்திரை, வலிப்பு மாத்திரை. தேதி வாரியாக, நான் தட்டியது தட்டியபடி, என் கவுண்டர் அப்படியே விழுப்புரத்தில் ஒரு மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. நடுவில் மூன்று இடத்தில் கர்ப்பப் பரிசோதனை அட்டை. மேலே, ஆண், வயது முப்பத்தொன்று என்று போட்டிருந்தது. ஆணுக்கு எதற்கு அந்த அட்டை என்று அந்தக் கம்ப்யூட்டர் யோசிக்கவே இல்லை. எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது.

டாக்டர் சீட்டில் இருந்த பெயர்களை நான் சரியாகத்தான் தட்டியிருந்தேன். பெயர் இங்கே வரவே இல்லை. நம்பர்தான் ஆள். எங்கள் பில்லுக்கு அடியில் எறும்பு வரிசை போல ஒரு எழுத்து இருக்கும். நாள் முழுக்க அதைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை. "தகவல்கள் எங்கள் பங்குதாரர்களுடன் பகிரப்படலாம்" என்று அதில் இருக்கிறதாம். அவர்தான் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று அரை நிமிடம் யோசித்தேன். டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம், வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். அந்த நேரம் பார்த்து மச்சான் என்னைக் கை காட்டினான்.

"மேடம், எங்க மாமா மெடிக்கல்லதான் இருக்காரு. என் உடம்பப் பத்தி அவருக்குத் தெரியும். அவரு சொன்னா நம்புவீங்க இல்ல?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திருமணத் தகவல் நிலையம் முதல் கர்ப்ப அட்டை வரை. வாழ்க்கையில் முதல் முறையாக நான் சொன்ன ஒரு கதைக்கு யாரும் சிரிக்கவில்லை. மச்சான் கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மேஜையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னான்.

"நீங்க வெளாட்டுக்குப் பண்ணீங்க மாமா. எனக்கும் வெளாட்டுன்னு தெரியும். அதுக்குத் தெரியலியே."

அந்த அம்மா ஒரு பொத்தானைக் காட்டினார். மறுபரிசீலனை. அதை அழுத்தினால் அந்தக் கம்பெனியில் மனிதர் யாராவது எடுத்துப் பார்ப்பார்களாம். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு முறைகூட அதை அழுத்தியதில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். சிவப்பு, சிவப்பு, நடுவில் பச்சை, மறுபடி சிவப்பு. இவர்கள் எல்லாம் வந்து கேட்கவில்லையா என்றேன்.

"செவப்பு வந்தா யாரும் வர்றதில்லைங்க. நம்ம மேலதான் ஏதோ தப்புன்னு நெனச்சிக்கினு வீட்லயே இருந்துடறாங்க."

நான் பார்த்ததிலேயே பெரிய அதிர்ச்சி அந்தப் பட்டியல்தான்.

என் பெயர், கடை, ஊழியர் எண் எல்லாம் போட்டுக் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே தெரியும், இது போகிற இடத்துக்குப் போனால் என் வேலை நிற்காது. அதோடு கம்ப்யூட்டரில் ஒரு படிவம். கடைசிக் கட்டத்தில், இந்த மருந்துகளை வாங்கியவரின் சரியான எண் எது என்று கேட்டது. காலியாக விட்டால் நகர மாட்டேன் என்றது.

வலிப்பு மாத்திரையை வாங்குகிறவரை எனக்குத் தெரியும். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு புடவை விரித்துக் காட்டும் பெண். கடைக்குப் போகும் வழியில் வந்து வாங்கிக்கொள்வார். முதலாளிக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுவார் என்று நம்பரே சொல்ல மாட்டார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர், என் கண் முன்னே ஒரு நாளும் தடுமாறியதில்லை. ஒரு போன் போட்டுக் கடையில் விசாரித்தால் அவர் நம்பர் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். அந்தக் கட்டம் அதைத்தான் கேட்டது. மச்சானிடமிருந்து எடுத்து உரியவரிடம் கொடு என்றது.

நான் என் நம்பரைத் தட்டினேன். இந்தக் கம்ப்யூட்டர் எங்கள் கடை கம்ப்யூட்டர் மாதிரி இல்லை, மறுக்காமல் வாங்கிக்கொண்டது. அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபரிசீலனைப் பொத்தானை அழுத்தினார்.

வெளியே வந்து பஸ் நிலையத்துக்கு நடந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"மாமா, அதுல கர்ப்பமும் இருக்குது. ஒடம்பப் பாத்துக்கோங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவனுக்குப் பச்சை வந்தது. இப்போது பேருந்து ஓட்டுகிறான். எனக்கான சிவப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒரு காலை கடையில் என் பாஸ்வேர்டைத் தட்டினேன். "அணுகல் நிறுத்தப்பட்டது" என்றது கம்ப்யூட்டர். மேனேஜருக்கே அது செய்தி. பக்கத்தில் நின்று என்னோடு சேர்ந்து அவரும் படித்தார். என்னைக் குறை சொல்ல வேண்டியதுதான், செய்தது தப்பு. ஆனால் சொல்வதற்கு ஒரு ஆள் வந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. இப்போது வேறொரு மெடிக்கலில் நிற்கிறேன். சேர்ந்த அன்றே அந்த ஜவுளிக்கடைக்குப் போய் ஒரு கைக்குட்டை வாங்குவது போல நின்று, நான் இருக்கும் இடத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன். இங்கே நம்பர் இல்லாமலும் பில் போட முடியும். சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாங்க என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலிப்பு, சர்க்கரை, மூலம், கர்ப்பம் எல்லாம் இருப்பதாக எங்கோ ஒரு கம்ப்யூட்டர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது. என் மனைவி மட்டும்தான் நம்ப மறுக்கிறாள், வீட்டு வேலை எல்லாம் செய்யச் சொல்கிறாள்.

என் மச்சானுக்காவது தப்பு செய்தவன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான், வாயைத் திறந்தான். அந்தப் பட்டியலில் சிவப்பாகக் கிடந்த மற்றவர்களுக்கு எந்த ஊரில் எந்த விரல் என்ன தட்டியது என்பது தெரியாமலே போயிருக்கும் என்ற நினைப்பு, யாராவது நம்பர் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் என் கையை இன்னும் ஒரு நொடி நிறுத்தி வைக்கிறது.