வாழ்த்துவோர் வரிசை

காலேஜ் முடித்த கையோடு திருவொற்றியூரில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனராகச் சேர்ந்தேன். அப்போது எங்கள் பக்கம் காதுகுத்துக்கும் பேனர், கருமாதிக்கும் பேனர். நடுவில் பெரிய முகம். கீழே ‘வாழ்த்துவோர்’ என்று வரிசையாகச் சின்ன முகங்கள். அந்த வரிசையில் இடம் பிடிக்கச் சண்டையே நடக்கும்.

எண்ணூர் கன்டெய்னர் யார்டுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஒருவர், மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டப வாசலையே மறைக்கிற மாதிரி பேனர் கேட்டார். செண்டை மேளம், குதிரை வண்டி, மட்டன் பிரியாணி. வாழ்ந்தால் இப்படி வாழணும் என்று எனக்கு ஒரே மயக்கம். வாழ்த்துவோர் வரிசைக்கு அவர் கொடுத்தது தன் வெல்டர்களின் படங்கள். கேட் பாஸுக்காக அவர்களிடம் வாங்கியவை.

விழா அன்று காலை பேனரைக் கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் தெரு அக்கா வந்து நின்றார். அவர் கணவரும் அந்த வெல்டர்களில் ஒருவர். மூன்று மாதமாகக் கூலி வரவில்லை, ஃபீஸ் கட்டாததால் பெண்ணைப் பரீட்சை எழுத விடமாட்டார்களாம், கூலி கேட்டால் கான்ட்ராக்டர் விசேஷம் முடியட்டும் என்கிறாராம். சொல்லிவிட்டு, மேலே கணவரின் முகத்தைக் காட்டினார்.

“அவுரு கூலில மேளம் அடிக்கிறான். வாழ்த்து வேற சொல்லணுமா? அந்த மூஞ்சிய எடுத்துடு நைனா.”

கடல் காற்றில் கிழியாமலிருக்க பேனரில் அங்கங்கே ஓட்டை போடுவது வழக்கம். பிளேடு கையிலேயே இருந்தது. அறுத்துக் கொடுத்தேன். முந்தானையில் சுருட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மற்ற வெல்டர்களின் மனைவிகளும் வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் வரிசை முழுக்க ஓட்டை. இது என்ன என்று ஒரு விருந்தாளி கேட்க, கான்ட்ராக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரே முந்திக்கொண்டார்.

“காத்து போறதுக்கு வுட்டுக்கீது மாமே.”

பிரியாணியை வைத்தபோது யாருடைய உழைப்பு இது என்று தோன்றத்தான் செய்தது. பசி, சாப்பிட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வெல்டர்கள் யாரும் யார்டுக்குப் போகவில்லை. மதியத்துக்குள் கான்ட்ராக்டர், விழாவில் மகளுக்குப் போட்ட செயினை வண்ணாரப்பேட்டை சேட்டுக் கடையில் அடகு வைத்துக் கூலியைக் கொடுத்தார். அவரிடம் பணம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருந்ததெல்லாம் இவர்களுடைய பொறுமை. அதைத்தான் அத்தனை நாளும் தாராளமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் பெண் பரீட்சை எழுதினாள். எங்களுக்குப் பேனர் காசு வரவில்லை. போய்க் கேட்கட்டுமா என்றேன். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் கடை முதலாளி.