வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் ஊர்

பிள்ளைகளே, டெக்ஸாஸில் நாங்கள் இருக்கும் பிளானோவில் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். செடிக்கு இல்லை, வீட்டுக்கு. நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. குடிவந்த முதல் ஜூலையில், பக்கத்து வீட்டு வால்டர் அங்கிள் சுவர் ஓரமாகத் துளைபோட்ட ரப்பர் குழாயைச் சுற்றிவைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். அங்கே ஒரு செடிகூட இல்லை. பாவம், வயதானவர், மறந்துவிட்டார் போல என்று நினைத்து, "சார், நோ பிளான்ட்ஸ்" என்றேன். அவர் சிரித்தபடி, "ஐ ஆம் வாட்டரிங் த ஹவுஸ்" என்றார். அவருடைய உச்சரிப்பு எனக்கு அப்போது பிடிபடாது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து என் மனைவி சுமதியிடம் சொன்னேன்.

"குதிரைக்குத் தண்ணி காட்டுறாராம்."

"ஹார்ஸா, ஹவுஸா? ஒழுங்கா கேட்டீங்களா?"

"ஹார்ஸ்தான்."

"டெக்ஸாஸ்னா குதிரைன்னு நீங்களே முடிவு பண்ணியாச்சு. அந்த வீட்டுல பூனைகூடக் கிடையாதுங்க."

ஆகஸ்டில் வெயில் கொளுத்தியது. வாரக்கணக்கில் ஒரு துளி மழை இல்லை. அப்போதுதான் எங்கள் மகள் தர்ஷினியின் அறைக் கதவு மூட மறுத்தது. மேல் மூலை நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. பன்னிரண்டு வயது வரை ஒற்றை அறை அபார்ட்மென்டில் எங்களோடு படுத்தவள். தனக்கென்று ஓர் அறை, அதற்கு மூடுகிற ஒரு கதவு, இதைத்தான் அவள் கேட்டுக் கேட்டு நாங்கள் இந்த வீட்டையே வாங்கினோம். "ஆளைக் கூப்பிடலாம்" என்றாள் சுமதி. நான் வேலை பார்ப்பது இந்திய மளிகைக் கடையில். அலமாரி அடிப்பது முதல் எல்லாம் என் கைதான். "கதவு சீவ ஆள் எதுக்கு?" என்று இழைப்புளி வாங்கிவந்து, மேலேயும் தாழ்ப்பாள் பக்கமும் நன்றாகச் சீவினேன். கதவு சிக்கென்று மூடியது. தர்ஷினி பத்து முறை மூடித் திறந்து பார்த்தாள்.

அக்டோபரில் மழை பிடித்தது. ஒரு காலை அவள் கூப்பிட்டாள். "அப்பா, இட் வோன்ட் ஸ்டே க்ளோஸ்ட்." தாழ்ப்பாள் எட்டவில்லை, கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒரு விரல் நுழையும் இடைவெளி. வால்டர் அங்கிளைக் கூட்டிவந்து காட்டினேன். இந்த மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கான்கிரீட் தளத்தின்மேல் நிற்கிற வீடும் அதோடு ஏறி இறங்கும். அதனால்தான் கோடையில் சுற்றிலும் ஈரம் காட்டுகிறோம் என்று கையால் அலைபோல் செய்து விளக்கினார். "கதவு நல்லாத்தான் இருந்தது. நீ கொஞ்சம் பொறுத்திருக்கணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இந்தத் தடவை எல்லாம் புரிந்தது.

அவர் போனதும் புல்லை ஓரிடத்தில் பெயர்த்துப் பார்த்தேன். கரிசல்! நான் கோவில்பட்டிக்காரன். ஆறாம் வகுப்பில், சித்திரை வெயிலில் பிளந்து கிடந்த தரை வெடிப்பில் என் பேனா விழுந்து, கையை முழங்கை வரை விட்டும் எட்டாமல் அழுதவன். எங்கள் பக்கம் கொத்தனார்கள் இந்த மண்ணைத் தோண்டி எறிந்து, சரளையைக் கண்ட பிறகுதான் அஸ்திவாரம் போடுவார்கள். வீடு வாங்கும்போது பள்ளிக்கூடம் பார்த்தேன், டோல்வே என்கிற சுங்கச் சாலை எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். பச்சைக் கம்பளம் மாதிரிப் புல் விரித்திருந்ததால் மண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. மண் செய்த வேலைக்கு என் பிள்ளையின் கதவைச் சீவிவிட்டேன்.

"புதுக் கதவு மாட்டிடட்டுமா கண்ணு?"

"வேணாம்ப்பா. தென் இட் வோன்ட் க்ளோஸ் இன் சம்மர்."

அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுதிய தாளை நாலாக மடித்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகி இறுக்கியிருந்தாள். கதவு அசையாமல் நின்றது. நான் தட்டினால் தாள் என் பக்கம் கீழே விழும். "அப்பா, பேப்பர்!" என்பாள். எடுத்து மறுபடி மடித்து உள்ளே நீட்டுவேன். கதவு மூடிக்கொள்ளும். அவள் எழுதிய "ழ" பாதி என் பக்கம் தெரியும். மீதி உள்ளே, அவளிடம்.