ஐந்தாவது பாட்டில் ஒரு ‘டிக்’

சென்ற தை மாதம், சம்பா அறுவடை பாதி முடிந்திருந்த நேரம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு பாராட்டு விழா. எங்கள் ஊரில் பிறந்து, சோல் ஜாஸ் பாடி, இன்று வெளிநாட்டு மேடைகள் வரை போய்விட்ட ஒரு பாடகிக்கு. அந்த விழாவில் நான் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. அதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. பாதி கோபத்தில், பாதி வெட்கத்தில்.

சோல் ஜாஸ் என்றதும் பயந்துவிடாதீர்கள். தேவாலயத்தில் உருகிப் பாடுவார்களே, அந்த உருக்கம். அதற்குக் கீழே அவசரமே இல்லாமல் அசைந்து வரும் ஒரு தாளம். அவர் அதைத் தமிழில் பாடினார். அவருடைய இரண்டாவது ஆல்பம்தான் எல்லோருக்கும் தெரியும். பெரிய நகரத்து ஸ்டுடியோ, ட்ரம்பெட், சாக்ஸபோன், பத்துப் பாட்டு, ஒன்றுகூட சோடை கிடையாது. எனக்கும் உயிர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ‘ஹிட் ஆனாலே பிடிக்காத கும்பல்’ என்று என்னையும் சேர்த்துவிடுவீர்கள்.

ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு முதல் ஆல்பம் வந்தது. தஞ்சாவூரில் ஒரு வீட்டு மாடி அறையில், மூன்றே மூன்று பேரை வைத்துப் பதிவு செய்தது. கீபோர்டில் ஆர்கன் ஒலி, ஒரு கிடார், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். கல்லூரி பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அதைத்தான் கேட்பேன். ஐந்தாவது பாட்டு ஏழு நிமிடம். கேட் மூடித் திறப்பதற்குள் முழுதாக முடிந்துவிடும்.

அதே பாட்டு இரண்டாவது ஆல்பத்திலும் உண்டு, நான்கு நிமிடத்தில். அதில் அவர் ஒவ்வொரு சொல்லையும் தாளத்தின் உச்சியில் சரியாகக் கொண்டுவந்து வைப்பார். முதல் ஆல்பத்திலோ கீபோர்டை முன்னால் போகவிட்டு, வருவதா வேண்டாமா என்று யோசிப்பவர் மாதிரி அரை மூச்சு தாமதித்துத்தான் வாயைத் திறப்பார். ஒன்றுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். மற்றதற்கு நிறுத்தவே மனசில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டுமே ஒரு சுற்று பெரிதாகிவிடும்.

இப்போது அழைப்பிதழுக்கு வருகிறேன். ‘தம் முதல் இசைத்தொகுப்பிலேயே உலகை வென்ற நம் மண்ணின் மகள்’ என்று போட்டு, கீழே இரண்டாவது ஆல்பத்தின் பெயர்! விழாக்குழுவில் நானும் இருந்தேன். டைப் அடிக்க ஆள் வேண்டுமே. நான் சரியாகத்தான் அடித்துக் கொடுத்திருந்தேன். அதை மாற்றியவர் விழாக்குழுத் தலைவர். ஊரில் நிறைய நிலம், மகன் சிங்கப்பூரில்.

“இது தப்புங்க. இது அவங்க ரெண்டாவது ஆல்பம்” என்றேன்.

“பாப்பா, ஹிட் ஆனதுதான் முதல். மத்ததெல்லாம் ரிகர்சல்.”

எனக்கு இருபத்து மூன்று வயது. முதுகலை முடித்தவள். பாப்பாவாம்! அதைக்கூட விட்டுவிடலாம். ரிகர்சலா? மூன்று பேர் ஒரு மாடி அறையில் வியர்த்து உயிரைக் கொடுத்தது ரிகர்சலா? நான் விடாமல் கத்தினேன். கடைசியில் என் வாயை அடைப்பதற்காக எனக்கு நன்றியுரை கொடுத்தார்கள். நன்றியுரை என்றால் உங்களுக்குத் தெரியாதா என்ன, பேசுகிறவர் வாயைத் திறக்கும்போது பந்தியில் இலை போட ஆரம்பித்திருப்பார்கள்.

விழா அன்று காலை சீக்கிரமே மண்டபத்துக்குப் போனேன். சவுண்ட் சர்வீஸ்காரர் ஏற்கெனவே வந்திருந்தார். முப்பத்திரண்டு வயது இருக்கும் ஒரு அக்கா. திருவாரூர் வரை கோயில், கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் செட் அவர்தான். கூட்டம் சேரும்வரை போடுவதற்கு இரண்டாவது ஆல்பத்தை வைத்திருந்தார். நான் என் பென் டிரைவை நீட்டி, முதல் ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டைப் போடச் சொன்னேன்.

அவர் பென் டிரைவை வாங்காமலே கேட்டார்: “இந்தப் பாட்டுல, ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ‘டிக்’னு ஒரு சத்தம் வரும். கவனிச்சிருக்கீங்களா?”

கவனித்திருக்கிறேனாவா! இணையத்தில் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருந்தேன். மௌனத்துக்கு நடுவே வேண்டுமென்றே வைத்த ஒற்றைத் தட்டு, அதுதான் அந்த ஆல்பத்தின் ஆன்மா என்றெல்லாம்.

“அது என் மோதிரங்க. கீபோர்டு ஓரத்துல பட்டுடுச்சு” என்றார்.

அந்த ஆல்பத்தில் கீபோர்டு வாசித்தவர் இவர்தான். எத்தனையோ தடவை ரயில்வே கேட்டில் நின்று நான் கேட்ட அந்த விரல்கள் இப்போது மிக்ஸர் போர்டில் வயர் செருகிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது ஆல்பத்தில் ஏன் இல்லை என்று கேட்டேன். நகரத்தில் வேறு ஆட்களை வைத்துக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு, “இதை யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதீங்க. நான் வேலைக்கு வந்திருக்கேன்” என்றார்.

அது தன்னடக்கம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இங்கேதான் நான் சறுக்கினேன்.

விழா தொடங்கியது. தலைவருக்குப் பொன்னாடை, செயலாளருக்குப் பொன்னாடை, மண்டபத்துக்காரருக்குப் பொன்னாடை, மண்டபத்துக்காரரின் சம்பந்திக்குக்கூடப் பொன்னாடை. ஒவ்வொருவரும் மைக்கைப் பிடித்து ‘முதல் ஆல்பத்திலேயே, முதல் ஆல்பத்திலேயே’ என்றார்கள். பாடகியும் ஏற்புரையில் திருத்தவில்லை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பின்னால், கடைசி வரிசைக்கும் பின்னால், அந்த அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டைப் பார்த்தபடி நின்றார். எனக்கு ரத்தம் கொதித்தது.

என் முறை வந்தது. சாம்பார் வாசனை வந்துவிட்டது. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். சீட்டில் இருந்த பெயர்களைக் கடகடவென்று படித்து, கடைசி வரிக்கு வந்தேன். ‘ஒலி, ஒளி அமைத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி.’ எந்த விழாவிலும் ஊர் பேர் இல்லாமல் போகிற அந்த வரி. சீட்டை மடித்தேன்.

“ஒரு நிமிஷம் எல்லாரும் உட்காருங்க. பின்னாடி மைக் செட் போட்டுட்டு நிக்கிறாங்களே, அவங்கதான் இந்தப் பாடகியோட உண்மையான முதல் ஆல்பத்துல கீபோர்டு வாசிச்சவங்க. அந்த ஆல்பத்தைத் தூக்கிப் போட்ட மாதிரி அவங்களையும் தூக்கிப் போட்டாச்சு. இங்க மேடைல இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சவங்களும் மறந்துட்டாங்க…”

மைக் செத்துப்போனது.

நான் மைக்கைத் தட்டினேன். ஊதினேன். பிறகு மைக் இல்லாமலே கத்தினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் காதில் கையை வைத்து, “என்னம்மா, பந்தி ரெடியா?” என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அக்காவின் விரல் போர்டின் மேல் இருந்தது. அவர்தான் அணைத்திருக்கிறார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடகி மேடையிலிருந்து இறங்கி நேராகப் பின்னால் போனார். இருவரும் தலையோடு தலை சேர்த்து ஏதோ பேசினார்கள். இருவரும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுபோல ஒரு பார்வை என் எதிரிக்கும் வேண்டாம்.

எல்லோரும் சாப்பிடப் போனபின் அக்கா என்னிடம் வந்தார். வயரைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

“அவங்க என்னை மறந்துட்டாங்கன்னு யார் சொன்னா உங்களுக்கு? நேத்து எங்க வீட்லதான் சாப்பிட்டாங்க. எங்க செட்டு வச்சாத்தான் வருவேன்னு கமிட்டில சொன்னதே அவங்கதான். என்னை மேடைக்குக் கூப்பிடறேன்னாங்க. நான்தான் வேணாம்னேன். நான் மேடைல நின்னா போர்டுல யாரு நிக்கிறது?”

“இல்லைக்கா, உங்களுக்கு அநியாயம் நடந்திருக்கு…”

“ரெண்டாவதுல நான் இல்லைன்னு வருத்தம் இருந்துச்சு. அது எனக்கும் அவங்களுக்கும் உள்ளது. ஆனா முதல் ஆல்பத்துல நான் நல்லா வாசிச்சிருக்கேன். கமிட்டித் தலைவர் அதை ரிகர்சல்ங்கிறார். நீங்க அதைத் தூக்கிப் போட்டதுங்கிறீங்க. பாட்டு எப்படி இருக்குன்னு ரெண்டு பேருமே சொல்லலியே!”

இத்தனை வருடமாக அந்த ஆல்பத்தை உயிராகக் கேட்டவள் நான். அதன் அழகைச் சொல்ல ஒரு மைக் கிடைத்தபோது அதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்கு அநியாயம் நடந்துவிட்டது என்று புலம்பிவிட்டு மட்டும் வந்திருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மைக்கை வேண்டுமென்றே அணைத்தார் என்று தலைவருக்குத் தெரிந்துவிட்டது. விழாவையே அசிங்கப்படுத்தியாச்சு, மாசி மாதத் திருவிழாவுக்கு வேறு மைக் செட் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அந்தத் திருவிழாவில் பார்த்துவிட்டுத்தான் சுற்றுப்பட்டு ஊர்களில் அக்காவைக் கூப்பிடுவார்கள். அது போனால் அந்த வருடமே போனது மாதிரி.

மறுநாள் தலைவரைத் தேடிப் போனேன். அவர் வயலில் அறுவடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காதைப் பிளக்கிற சத்தம்.

“நான் பேசினது தப்புங்க. மன்னிச்சுக்கோங்க” என்றேன்.

“என்ன பாப்பா? கேக்கல!”

“மன்னிச்சுக்கோங்க! அந்த அக்கா மேல தப்பில்ல!”

“சத்தமா சொல்லு!”

மூன்றாவது தடவை நான் கத்தியபோது டிரைவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். என் மன்னிப்பு மட்டும் அந்த வெட்டவெளியில் தனியாக ஒலித்தது. பக்கத்து வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தப்பாக அச்சடித்தவர் அவர், கத்தி மன்னிப்புக் கேட்டவள் நான். எவ்வளவு எரிந்தது என்று சொல்லி மாளாது. அவர் சிரித்துவிட்டு, “சரி போ, அந்தப் பொண்ணையே போடச் சொல்றேன்” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் தடவையே அவருக்குக் கேட்டிருக்கும்.

மாசித் திருவிழா வந்தது. வெயில் இறங்கிய நேரம், மேடையில் இன்னும் யாரும் ஏறவில்லை. அக்கா ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு பாட்டைப் போட்டார். ஆர்கன் ஒலி மெதுவாக எழுந்தது. முதல் ஆல்பம், ஐந்தாவது பாட்டு. நாலைந்து பெரிய ஸ்பீக்கரில் அதை நான் கேட்டதே இல்லை. குரல் அரை மூச்சு தாமதித்து வந்தபோது, பொரி விற்றுக்கொண்டிருந்த பெண் அளக்கிற படியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். சிலர் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் எதுவும் அறிவிக்கவில்லை.

தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

“யாரு பாப்பா இது? நம்ம பொண்ணு குரலாட்டம் இருக்கு. புதுசா?”

தொண்டை வரை வந்துவிட்டது. ரிகர்சல்ங்க, நீங்க சொன்ன அதே ரிகர்சல்! பல்லைக் கடித்துக்கொண்டேன். “கேளுங்க” என்று மட்டும் சொன்னேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்த ‘டிக்’ வந்தது. அக்கா நிமிரவில்லை. மோதிர விரலால் போர்டின் ஓரத்தை ஒரு தட்டு தட்டினார்.

பாராட்டு விழா மலரிலும் அந்த ‘முதல் ஆல்பம்’ தப்பு அப்படியே அச்சாகி வந்தது. திருத்தம் போடச் சொல்லி இதுவரை மூன்று கடிதம் எழுதிவிட்டேன், நாலாவதும் எழுதுவேன். ஆனால் யாருக்காவது அந்த ஆல்பத்தை அறிமுகம் செய்ய வேண்டும் என்றால் இப்போதெல்லாம் எந்தக் கதையும் சொல்வதில்லை. ஹெட்போனைக் கையில் கொடுத்துவிட்டு ஏழு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது இதற்குள் உங்களுக்கே புரிந்திருக்கும்.