ஒரே இலையில் இருபத்தொரு டாக்டர்கள்

பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்குத் திரும்பி வந்தவர்களுக்கென்று ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நான்தான் அதன் செயலாளர். எங்களுக்கு லெட்டர்பேடு உண்டு, ரப்பர் ஸ்டாம்ப் உண்டு, தென்னை மரத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குகிற ஒரு சின்னமும் உண்டு. அந்தச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, "இளநீர் யாவாரமா சார்?" என்று கேட்ட ஃப்ளெக்ஸ் கடைக்காரரோடு எனக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

அங்கே இருந்த ஆறு வருடமும் நாங்கள் சாம்பாருக்காக அழுதோம். தமிழ்ச் சங்கம் வைத்து, ஹாஸ்டல் மொட்டைமாடியில் பொங்கல் பொங்கி, ஊரை நினைத்துக் கண்ணைக் கசக்கினோம். ஊருக்கு வந்து கிளினிக் திறந்து ஃபேனுக்கடியில் உட்கார்ந்ததும் அந்தத் தீவு ஏக்கம் பிடித்துக்கொண்டது. எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊரைத் தவிர மற்ற ஊர்மேல் எங்களுக்கு அப்படி ஒரு பாசம். ஆகவே சங்கக் கூட்டங்களில் சீனியரை 'குயா' என்போம். அந்த ஊர் பாஷையில் அண்ணன். கரோக்கி மைக்கைப் பிடித்துத் தொண்டை கிழியப் பாடுவோம். மண்டப வாட்ச்மேன் ஒருமுறை ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்.

எங்கள் தலைவர் குயா இன்னும் ஒரு படி மேலே. அங்கே செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும். இவரும் செப்டம்பர் முதல் தேதியே கிளினிக் வாசலில் பெரிய காகித நட்சத்திரம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். அவருடைய அப்பா டவுனில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவர், பங்குனிப் பொங்கலுக்குத் தவறாமல் காப்புக் கட்டுகிறவர். மனிதர் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்து, "ஏப்பா, மாறுறதுன்னு முடிவு பண்ணிட்ட, சரி. வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாராம்.

இதெல்லாம் வேடிக்கை. சங்கத்துக்கு விதிமுறை எழுதியது மட்டும் வேடிக்கையில்லை. வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் இங்கே ஊசி போட வேண்டுமென்றால் ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். தேறினால்தான் பதிவு எண். நான் இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாவது தடவை தேறினேன். தேறிய சூட்டில் உட்கார்ந்து, 'பதிவு எண் பெற்றவர் மட்டுமே உறுப்பினர்' என்று முதல் விதியை எழுதினேன். எழுதிவிட்டுச் சத்தமாக வேறு படித்துப் பார்த்தேன். கம்பீரமாக இருந்தது. இரண்டு தடவை தோற்றவனுக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

அந்த விதி வெளியே நிறுத்தியது ஒரே ஒருவனைத்தான். ஆறு வருடமும் என் அறைத்தோழன். பரளச்சிப் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பியிருந்த குடும்பம். அப்பா இல்லை, கூலி வேலைக்குப் போய் அவனை ஆளாக்கிய அம்மா மட்டும்தான். எங்களில் ஒருவருக்கும் சுடுதண்ணீர் வைக்கத் தெரியாத காலத்தில் பத்துப் பேருக்குச் சோறு வடித்தவன் அவன். உடற்கூறியல் பாடத்தை எனக்கு மண்டையில் ஏற்றியதும் அவன்தான். அவனுக்கு அந்தத் தகுதித் தேர்வு மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்தில் கைநழுவியது. ஆறாவது தடவைக்குப் பிறகு எழுதுவதை விட்டுவிட்டான். இப்போது திருச்சுழியில் ஒரு மெடிக்கலில் நிற்கிறான்.

போன வருடம் ஒருநாள் பாலவனத்தத்தில் என் கிளினிக்குக்கு வந்தான். நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்து, முறை வந்த பிறகே உள்ளே வந்தான்.

"மாப்ள, சங்கத்துல என்னையும் சேத்துக்கங்கடா. நான் போர்டு மாட்டப் போறதில்ல. வைத்தியம் பாக்கப் போறதில்ல. பேரு மட்டும் இருந்தாப் போதும்."

"எதுக்குடா திடீர்னு?"

"ஊர்ல, இவன் அங்க போயி படிக்கவே இல்ல, ஊரச் சுத்திட்டு வந்துட்டான்னு பேசுறாக. எனக்கு ஒன்னுமில்ல, பழகிருச்சு. அம்மாதான் குழாயடிக்குத் தண்ணிக்குப் போறதையே விட்டுருச்சு. நீங்கள்லாம் எங்கூடப் படிச்சவங்கன்னு தெரிஞ்சாப் போதும்டா."

"கமிட்டியில வைக்கிறேன்" என்றேன். விதியை எழுதியவனே நான், இதில் எந்தக் கமிட்டியில் எதை வைப்பது? தலைவர் குயாவிடம் ஒரு தடவை பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "நம்பர் இல்லாத ஆளச் சேத்தா நாளைக்குப் பேரு கெட்டுப்போகும்டா" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

இந்த வருட ஆண்டு விழாவுக்குத் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. அங்கே 'பூடுல் ஃபைட்' என்று ஒரு சாப்பாட்டு முறை உண்டு. நீள மேஜை முழுக்க வாழை இலை விரித்து, நடுவில் சோற்றைக் கொட்டி, அதன்மேல் கோழியும் மீனும் பரப்பி, தட்டு இல்லாமல், நாற்காலி இல்லாமல், எல்லாரும் தோளோடு தோள் உரசி நின்று கையால் அள்ளித் தின்பது. பட்டாளத்தில் பிறந்த பழக்கம். அதிகாரியும் சிப்பாயும் ஒரே இலையில் சாப்பிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

சமைக்க ஆள் வேண்டுமே! டவுனில் பேர்போன பிரியாணி மாஸ்டரைக் கூப்பிட்டு அடோபோ என்றால் என்னவென்று விளக்கினேன். கோழியை வினிகரிலும் சோயா சாஸிலும் பூண்டு போட்டு வேகவைக்க வேண்டும், மசாலாவே கூடாது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சார், நாளப்பின்ன யாருக்காவது வயித்தால போனா எம்பேரத்தான சொல்லுவீக?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே, வெட்கமே இல்லாமல், என் அறைத்தோழனுக்குப் போன் போட்டேன். அவன் எதுவும் கேட்கவில்லை. "வாரேன் மாப்ள. எத்தன பேருக்கு?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே வந்து இறங்கிவிட்டான். தேய்த்த வெள்ளைச் சட்டை. அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு அடுப்படியில் நின்றான். பதினோரு மணிக்கு மண்டபம் முழுக்க அந்தப் புளிப்பு வாசம். நாக்கில் எச்சில் ஊறியது. சொல்வதற்கென்ன, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இலை விரித்தாயிற்று. விருந்தினராக வந்திருந்த தலைவரின் அம்மா மேஜையைப் பார்த்துப் பதறிப்போய், "இருவத்தோரு பேரும் ஒரே எலையில எச்சி பண்ணித் திங்கவா? அருப்புக்கோட்டையில எலைக்கா பஞ்சம்?" என்றார்கள். தலைவர் அதற்குக் கால் மணி நேரம் பதில் சொன்னார். இந்த இலையில் பெரியவன் சின்னவன் கிடையாது, பதவி கிடையாது, எல்லாரும் சமம் என்று உருகினார். கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

அவன் கையைக் கழுவி, வெள்ளைச் சட்டையை மாட்டி, பித்தான் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து என் இடது பக்கம் நின்றான். ஹாஸ்டலிலும் எப்போதும் என் இடது பக்கம்தான் நிற்பான். தோள் உரசியது. இலையில் கை வைக்கப் போகும் நேரம், "போட்டோ, போட்டோ!" என்று தலைவர் கத்தினார். செயலாளர் அல்லவா, நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வாட்ச்மேன் வெளியே போயிருந்தார். விருந்தினர்கள் எல்லாம் வயதானவர்கள். என் கை தானாகவே பையிலிருந்து போனை எடுத்து அவனிடம் நீட்டியது.

"மாப்ள, ஒன்னே ஒன்னு எடுத்துரு."

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டு எதிரே போய், நாற்காலியில் ஏறி நின்று, எல்லாரும் தெரிகிற மாதிரி எடுத்தான். "குயா, கொஞ்சம் சிரிங்க" என்றுகூடச் சொன்னான். இறங்கி வந்தபோது அவன் நின்ற இடம் இல்லை. நெருக்கி நின்றதில் அடைபட்டுவிட்டது. தலைவர் வாய் நிறையச் சோற்றோடு, "தம்பி, உனக்கு உள்ள எடுத்து வச்சிருக்குல்ல, நிதானமா சாப்பிடு" என்றார். நான் ஒரு அடி நகர்ந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும். நகரவில்லை. கோழி அவ்வளவு ருசியாக இருந்தது, தூ!

அவன் பாத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான். நான் அந்தப் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்து, கீழே 'ஒரே இலை, ஒரே குடும்பம்' என்று எழுதினேன். எழுத்தில் எனக்குக் குறைச்சலே இல்லை.

மறுநாள் காலை கிளினிக்கில் இருக்கும்போது அவன் அம்மா போன் செய்தார்கள்.

"டாக்டர் தம்பி, நல்லாருக்கீகளா? பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல ஒங்க போட்டோவக் காமிச்சுச்சு. எம்மவன் சங்கத்துக் கூட்டத்துக்குப் போறேன்னுதான் வந்தான். பெருசு பண்ணிப் பெருசு பண்ணித் தேடிட்டேன். அவனக் காணமேய்யா?"

வாயில் வந்தது உண்மைதான். அதைவிடக் கேவலமான பொய்யை என்னால் சொல்லியிருக்க முடியாது.

"அவன்தாம்மா போட்டோ எடுத்தான்."

அந்த அம்மாவின் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"அதான பாத்தேன். நல்லாத்தான் எடுத்திருக்கான், எல்லாரு மூஞ்சியும் பளிச்சுன்னு இருக்கு" என்றார்கள். "அடுத்த வருசம் நீங்க எடுங்க தம்பி. அவன் நிக்கட்டும்."