கைமாறிய விமானக் கம்பெனியும் எங்கள் கிணற்று முறையும்

எங்கள் கிணறு என் வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. மூன்று நாள் அண்ணன் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பார். அடுத்த மூன்று நாள் என் வீட்டுக்காரர். அதுதான் முறை. உலகப் போர்க் காலத்தில் பெங்களூர் விமானப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த மனுஷன், முதல் லீவில் வந்ததும் ஊர்க்காரர்கள் முன்னால் தன் முறையை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். "வேண்டாமுங்க" என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

எல்லாம் ஒரு காகிதத்தை நம்பித்தான். பட்டறைக்கு இயந்திரம் கொடுத்த அமெரிக்க விமானக் கம்பெனியின் ஆள், போர் முடிந்தாலும் இவருக்கு வேலை உண்டு என்று கம்பெனித் தாளில் எழுதிக் கொடுத்திருந்தான்.

போர் முடிந்தது. ஆள் குறைத்தார்கள். இவர் பெட்டியோடு வந்து இறங்கினார். நாமக்கல்லில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்துக் கம்பெனிக்கு எழுதினோம். விமானம் வாங்க ஆளில்லாமல் போய், அந்தக் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது என்று பதில் வந்தது. வேலை போச்சு என்று நான் நினைத்தேன். இவருக்கோ சந்தோஷம்!

"தோட்டம் கைமாறுனா பண்ணையாளும் கெணத்து முறையும் கூடவே போகுமில்ல அம்மிணி? வாங்குனவன் என்னையும் சேத்துத்தான வாங்கியிருப்பான்."

"அது சீமைங்க. நம்மூருன்னு நெனச்சீங்களா?"

"நீ சும்மா இரு."

ஒன்றரை வருஷம் காத்திருந்தார். முறையைத் திருப்பிக் கேளுங்கள் என்றால், "வேலை வந்துரும், எதுக்கு மனஸ்தாபம்" என்பார். அதற்குள் எங்கள் தண்ணீரையும் நம்பி அண்ணன் இன்னும் கொஞ்சம் கரும்பு வைத்துவிட்டார். எங்கள் காட்டில் சோளம் முழங்கால் உயரம்கூட வரவில்லை.

அடுத்து வந்த கடிதத்தின் தலையில் பழைய கம்பெனியின் பெயரே இல்லை. விமானம் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். பழைய கம்பெனி கொடுத்த வாக்குக்கு இவர்கள் பொறுப்பில்லையாம். "வாங்குனவன் அப்படிச் சொல்லலாமுங்களா?" என்று இவர் குமாஸ்தாவோடு சண்டைக்குப் போனார். பாவம், அவர் என்ன செய்வார்!

அன்றைக்கே அண்ணனிடம் போய் முறையைக் கேட்டார். அண்ணன் கெட்டவரில்லை.

"கரும்பு காஞ்சு போயிரும் சாமி. நாலு பேரு முன்னால நீ குடுத்ததுதான?" என்றார். பிறகு, "எனக்கும் ஆளில்லை. நீயே வந்து கவலை ஓட்டு, கூலி தாரேன்" என்றார்.

மறுநாள், முன்பெல்லாம் எங்கள் முறையாக இருந்த நாளில், எங்கள் கிணற்றிலேயே இவர் கூலிக்கு இறைத்தார். நான் கூழ் கொண்டு போனேன். அவர் நின்றபடியே மடமடவென்று குடித்துவிட்டு, அண்ணன் பார்க்கிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மாட்டிடம் ஓடினார்.